நாலு முட்டை இட்ட ஜோடி

அன்று காலை எனக்குத் தெரியுமா, தெரியாதா? ஐந்து மாதமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், ஒரு பழைய டீப்பெட்டிக்குள் இரண்டு புறாக்கள் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். ஏழு வயது மகளுக்காக என் கணவர், தெருக்கோடியில் புறா வளர்க்கும் பாயிடம் ஜோடியாகக் கேட்டு வாங்கி வந்தவை. புதிதாக வந்த புறா பழைய வீட்டுக்கே பறந்துவிடும். அதனால் முதல் சில வாரங்கள் இறக்கையை நூலால் கட்டி வைத்தோம். ரேஷன் அரிசியில் ஒரு பிடி எடுத்து மகள் ஊட்டுவாள். நூலை அவிழ்த்த பிறகும் அவை எங்கும் போகவில்லை.

சாம்பல் கழுத்தை உப்பிக்கொண்டு, குனுகியபடி வெள்ளையைச் சுற்றி வரும். வெள்ளை அதன் அலகுக்குள் தன் அலகை நுழைக்கும். சாம்பல்தான் ஆண் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிறகு கூட்டில் முட்டைகள் கிடந்தன, நாலு. இரண்டும் மாறி மாறி அடைகாத்தன. மூன்று வாரம் தாண்டியும் ஒன்றும் பொரியவில்லை. பாயை அழைத்துக் காட்டினேன்.

"இன்னா தங்கச்சி, நாலு கீதே! ஒரு பொட்டை ரெண்டு முட்டைதான் இடும். ரெண்டும் பொட்டை."

"சாம்பல் ஆம்பளை மாதிரியே சுத்துதே, பாய்?"

"ஆம்பள கெடைக்காங்காட்டி பொட்டையும் பொட்டையும் சேந்துக்கும். ஆம்பளையும் ஆம்பளையும்கூட சேரும். முட்டைதான் கூமுட்டை, குடித்தனம் ஜோரா நடக்கும். இளசா இருக்கசொல்லோ குடுத்தேன், எனக்கும் தெரியல. வோணும்னா ஒண்ணை மாத்திக் குடுக்கிறேன்."

மகள் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். "மாத்த வேணாம். இதுங்க ஜோடிதானே?"

"மாத்த மாட்டோம்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். சொல்லிவிட்டுக் குழம்பினேன். பள்ளியில் நான் படித்த பாடத்தில் இப்படி ஒன்று இல்லை. இது நோயா? குழந்தை பார்க்கலாமா? ஆனால் அவை இரண்டும் ஒன்றையொன்று கோதிவிடுவதைப் பார்த்தால் நோய் மாதிரித் தெரியவில்லை.

குழாயடியில் விஷயம் பரவியது. "உங்க வூட்ல ரெண்டு பொட்டை குடித்தனம் பண்ணுதாமே? சம்பாரிக்கிறது யாரு, சோறு வடிக்கிறது யாரு?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பொண் குழந்தை வளர்ற வீடு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே, "அவளைத் திருவொற்றியூர் கோயிலுக்கு அழைச்சிக்கிட்டுப் போயிட்டு வாயேன்" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் இப்படிச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து பஸ் ஏறினேன்.

திரும்பி வந்ததும் அவள் மாடிக்கு ஓடினாள். மெதுவாக இறங்கி வந்தாள்.

"அம்மா, சாம்பலுக்கு இறக்கை கட்டியிருக்கு."

போய்ப் பார்த்தேன். அதே நிறம், அதே அளவு. இறக்கையில் புது நூல்.

"பாய் மாத்திக் குடுத்தார். ஒரே கலர்தானே, அவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சேன்" என்றார் கணவர்.

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இதுக்குத்தான் கோயிலா? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

பழைய சாம்பல் பாய் வீட்டில் இருக்கிறது. எங்களிடமே திரும்பிவிடும் என்று அதற்கும் நூல் கட்டியிருக்கிறார்.

வெள்ளை பத்து நாள் புதியவனைக் கொத்தி விரட்டியது, பிறகு சேர்ந்துகொண்டது. இரண்டு குஞ்சுகள் பொரித்தன. "பாத்தியா?" என்றார் அவர். மகள் குஞ்சுகளைத் தொடவில்லை. எங்கே கூப்பிட்டாலும் முதலில் மாடிக்குப் போய் எண்ணிவிட்டு வருகிறாள். பிறகு கேட்கிறாள்: "நாம போறப்போ அப்பா வீட்ல இருப்பாரா?"

குழந்தையை வெளியே கொண்டுபோகும் கையாக அவர் என்னைப் பயன்படுத்திக்கொண்டார். அது எனக்கு ஆறவில்லை. ஆனால் நான் கேட்காமல் விட்ட அந்த 'ஏன்' என்னுடையது.

குழந்தை வளர்ப்பவர்களே, எனக்கு ஒன்று சொல்லுங்கள். சந்தேகம் வந்தும் வாய் திறக்கவில்லை என்று அவளிடம் ஒப்புக்கொள்ளட்டுமா? அப்பாவை நம்பாதவள் அதன்பின் என்னையும் நம்பாமல் போனால் என்ன செய்வேன்? சொல்லாமலே இருந்தால், ஒவ்வொரு முறை அவள் மாடிப்படி ஏறும்போதும் நான் கீழே எப்படி நிற்பது?