கூட்டேரிப்பட்டு தாண்டிய பெட்டி

திண்டிவனத்தில் பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடுகிற சீனுவாசன் கடையில், வந்தவர்களிடம் யாரும் 'மறுபடி வாங்க' என்று சொல்வதில்லை. சொன்னால் அடி விழும். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது அல்லவா, பெட்டியைத் திருப்பி ஏற்றுகிற டிரைவர்களும் அப்படித்தான். வாயைத் திறக்காமல் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

அந்தக் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள் சங்கவி. அவளுடைய அப்பா பெரியசாமி அங்கேதான் வேன் ஓட்டினார். ஊருக்கெல்லாம் பெட்டி கொண்டுபோனவருக்குப் போன வருஷம் நெஞ்சுவலி வந்தது. அதே வேன், அதே பெட்டி, கோலியனூரில் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. சீனுவாசன் வாடகை வாங்கவில்லை. ஸ்டாஃப் சலுகை.

உயிரோடு இருந்தவரை, வேலை முடிந்து திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு ஃபோன் போடுவார். "தாண்டிட்டேன், ஒலைய வை." அவர் செருப்பைக் கழற்றவும் இங்கே சோறு வடியவும் சரியாக இருக்கும்.

அவர் போனதிலிருந்து அம்மா செண்பகம் அடுப்புப் பக்கமே போகவில்லை. சங்கவி பொங்கிப் போட்டதைக் கோழி மாதிரி கொறித்தாள். கூடத்தில் பிளக் பாயின்ட் ஓரம் பெட்டி இருந்த இடத்தில் ஒரு துடைப்பத்தைக்கூடச் சாய்த்து வைக்க விடமாட்டாள். போன வாரம்தான், யாரும் சொல்லாமலே, தையல் மிஷினை இழுத்து அந்த இடத்தில் போட்டாள். பக்கத்து வீட்டு அமலாவுக்கு ஜாக்கெட் தைத்தாள். ரொம்பப் பிடிப்பு. அமலா மூச்சை அடக்கிக்கொண்டு, "நல்லாத்தான்கா இருக்கு" என்று போட்டுக்கொண்டு போனாள். அம்மா அந்த மிஷினை விட்டு எழுந்துவிடக் கூடாது, சங்கவிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில் சீனுவாசனுக்கு ஓர் ஆசை வந்தது. "பாக்ஸு எங்க வருது எங்க வருதுன்னு ஆளாளுக்கு ஃபோன் பண்ணி பேஜாரு பண்றாங்கம்மா. மெசேஜ் தானா போற மாதிரி, அந்த ஏஐய வெச்சி ஜல்தியா எதனா பண்ணு."

கடை ஆர்டர்கள் ஒரு டேட்டாபேஸில் இருந்தன. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆவணம். பேர், வீட்டாரின் ஃபோன் நம்பர், ஊர், பெட்டி எங்கே இருக்கிறது என்கிற நிலை. எல்லாம் ஒரே அச்சில் இருக்காது. ஒன்றில் 'மாடிப்படி குறுகல்' என்றிருக்கும், இன்னொன்றில் 'நாய் கட்டவில்லை' என்றிருக்கும். புரோகிராம் எழுதித் தரும் ஏஐயை நேரே அதனுடன் இணைத்துவிட்டால் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சங்கவி இணைத்தாள். கவனமாகத்தான் செய்தாள். படிக்க மட்டும் அனுமதி, எழுதவும் அழிக்கவும் கிடையாது. படித்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

ஏஐ சமத்தாகப் படித்து, வேன் எந்த ஊரைத் தாண்டுகிறது என்பதை ஜிபிஎஸ்ஸில் பார்த்துச் சேர்த்து அனுப்பும் மெசேஜ் புரோகிராமை எழுதிக் கொடுத்தது. அப்போது டிரைவர் தேவா ஒரே ஒரு பெட்டியோடு விழுப்புரம் பக்கம் போய்க்கொண்டிருந்தான். "வழியில் இருக்கும் ஆர்டருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்" என்று சங்கவி டைப் செய்தாள். அனுப்பட்டுமா என்று அது கேட்டது. சரி என்று தட்டிவிட்டு டீ எடுக்கப் போனாள்.

டேட்டாபேஸில் எல்லாப் பெட்டியும் வழியில்தான் இருந்தது. 'திரும்பி வந்தாச்சு' என்கிற பட்டனை அந்தக் கடையில் ஒருத்தரும் ஒருநாளும் அழுத்தியதில்லை. எழவு வீட்டில் 'வர்றேன்' என்று சொல்ல வாய் வராத டிரைவர்களுக்கு விரலும் வரவில்லை. பாவம், ஏஐக்கு அது எப்படித் தெரியும்? அது கோலியனூரில் பிறக்கவில்லை.

டீ ஆறுவதற்குள் ஃபோன்கள் வந்தன.

"எங்க தாத்தாவுக்கு தெவசமே முடிஞ்சிடுச்சி. இப்ப யாருக்குப்பா பாக்ஸு, எனக்கா?"

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து ஒரு பெண். "மாமனாரு போயி வருஷமாச்சி. இப்ப மாமியா இழுத்துக்கினு கெடக்கறாங்க. மோப்பம் புடிச்சிக்கினு வர்றீங்களா?"

சீனுவாசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "செத்தவங்கள மறுபடி சாவடிச்சிட்டியேம்மா."

சங்கவிக்கு அது காதில் விழவில்லை. அப்பாவின் ஆவணத்தில் இருந்தது அம்மாவின் நம்பர். போயிருந்த மெசேஜைத் திறந்து பார்த்தாள். 'பெரியசாமி அவர்களுக்கான பெட்டி கூட்டேரிப்பட்டு தாண்டி வந்துகொண்டிருக்கிறது. கூடத்தில் இடம் ஒதுக்கி வைக்கவும்.'

அம்மாவுக்கு ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கூட்டேரிப்பட்டு வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் தையல் மிஷின் வாசலுக்கு வந்திருந்தது. பிளக் பாயின்ட் ஓரம் பெருக்கித் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. செண்பகம் அடுப்படியில் சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது தப்பா வந்த மெசேஜு. என்னாலதான். நான்தான் சரியா பாக்காம..."

"தெரியும்டி." அவள் திரும்பவில்லை. "எனக்கென்ன புத்தியா கெட்டுப்போச்சி? தாண்டிட்டார்னு இருந்திச்சி. மீதியப் படிக்கறதுக்குள்ள கை தானா ஒலைய வெச்சிடுச்சி."

"அப்புறம் மிஷின ஏம்மா வெளிய போட்ட?"

"அப்புறந்தான மீதியப் படிச்சேன்."

தட்டு இரண்டு எடுத்தாள். ஒரு தட்டு நிறையச் சோறு போட்டு, அது யாருடைய அளவு என்று நினைவு வந்தவள் போல, பாதியை மறுபடி பானைக்கே தள்ளினாள். சங்கவி பார்க்காத மாதிரி இருந்தாள்.

சாப்பிடும்போது சீனுவாசன் ஃபோனில் வந்தார். பழைய ஆர்டரையெல்லாம் உடனே முடித்து வைக்கச் சொன்னார். சங்கவி ஃபோனிலேயே ஏஐயைத் திறந்து எழுதும் அனுமதியைக் கொடுத்தாள். எதை மாற்றப்போகிறது என்று அது காட்டியது. இந்தத் தடவை ஒவ்வொரு பேராகப் படித்தாள். பெரியசாமி, கோலியனூர், வழியில். எல்லாவற்றையும் 'திரும்பி வந்தாச்சு' என்று மாற்றட்டுமா என்று கேட்டது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் சரி என்று தட்டினாள்.

கை கழுவிவிட்டு வாசலுக்குப் போய் மிஷினைப் பிடித்தாள். "உள்ள போட்டுட்டா, அமலாக்கா ஜாக்கெட்ட கொஞ்சம் பிரிச்சி உடலாம்மா. மூச்சு உட முடியலியாம்."

செண்பகம் ஈரம் காயாத அந்த இடத்தைப் பார்த்தாள்.

"அங்கயே இருக்கட்டும் உடு."

"மழ வரும்மா."

"சாக்கு போட்டு மூடு."

சங்கவி சாக்கைத் தேடிக்கொண்டு போனாள்.