பஸ்ஸில் பாங்கு சொன்ன பிள்ளை

இறங்குகிற இடம் வந்தால் பஸ்ஸில் "இறக்கம்" என்று சத்தமாகச் சொல்லக்கூட எனக்கு வெட்கம். வேறு யாராவது இறங்குகிற இடத்தில் அவர்களோடு சேர்ந்து இறங்கி, மிச்சத் தூரத்தை வெயிலில் நடந்து போன நாட்கள் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சிங்களம் காதில் விழுந்தால் பாதி விளங்கும், வாயால் வராது. அப்படிப்பட்ட என் கையில்தான் அல்லாஹ் ஊரிலேயே பெரிய தொண்டை உள்ள பிள்ளையைத் தந்தான்.

அவள் என் கடைசித் தங்கச்சியின் மகள். பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில் தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். எனக்குப் பிள்ளை இல்லை, என்னைக் கட்டின மாப்பிள்ளையும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். அதனால் பிள்ளை என்னோடு. எங்கள் வீடு கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில், பள்ளிவாசலுக்குப் பின் வளவு. பள்ளி ஒலிபெருக்கி ஒன்று எங்கள் கூரையைப் பார்த்தபடிதான் கட்டியிருக்கிறது.

அவளுக்குக் காது கேட்பதில்லை என்று எங்களுக்கு விளங்கவே நாளெடுத்தது. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "வாப்பாட பிடிவாதம் அப்படியே ஈக்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆனால் பள்ளியில் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால், எங்கே நின்றாலும் ஓடி முற்றத்துக்கு வருவாள். இரண்டு கையையும் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மோதினாரோடு சேர்ந்து தானும் பாங்கு சொல்லுவாள். சொல் ஒன்றும் சரியாக வராது. அல்லாஹு அக்பர் என்பதை "அல்லாவு அக்குவா" என்பாள். ராகம் மட்டும் அச்சொட்டாக வரும். அந்த ஒலிபெருக்கிச் சத்தம் ஒன்றுதான் அவளுக்குள்ளே போயிருக்கிறது. உம்மா என்று சொல்லவில்லை, தண்ணி என்று சொல்லவில்லை, அவள் படித்த முதல் பேச்சு அதுதான். பசித்தாலும் அதையே சொல்லுவாள். சந்தோஷம் வந்தாலும் அதையே சொல்லுவாள்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் காது கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டொக்டர் ஒரு பெண். அவ சிங்களத்தில் சொல்ல, நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னா.

"காதுக்கு மெஷின் வைக்க வேணும். அதுக்குக் கொஞ்சம் காலம் எடுக்கும். அதுவரைக்கும் புள்ளைட குரல் நிண்டு போகக் கூடாது, அம்மா. கத்தினா கத்த விடுங்க. எந்த இடத்திலயும் வாயை மூடச் சொல்ல வேணாம். கத்தக் கத்தத்தான் தனக்கொரு குரல் ஈக்குதெண்டு அவளுக்குத் தெரியும். குரல் நிண்டா, பிறகு மெஷின் வெச்சும் பேச்சு வாறது கஷ்டம்."

அந்த வார்த்தையைத் தாயத்துப் போலக் கட்டிக்கொண்டுதான் நான் மாதா மாதம் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினேன்.

அந்த பஸ் ஹோர்ன் ஒரு நீட்டு நீட்டும். அந்தச் சத்தமும் அவளுக்குள்ளே போகும். ஹோர்ன் அடித்த உடனே கையைக் காதில் வைத்துத் தொடங்கிவிடுவாள். முதல் தடவை எனக்கு உயிர் போன மாதிரி இருந்தது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாடி வைத்த ஒருவர் முன் சீட்டிலிருந்து கேட்டார்.

"பொம்புளப் புள்ளை பாங்கு சொல்லலாமா?"

பக்கத்திலிருந்த கருவாட்டுக்காரிதான் பதில் சொன்னா. கண்டக்குழியிலிருந்து கருவாட்டுச் சாக்கோடு சிலாபம் சந்தைக்குப் போகிறவ. வேதக்காரி. கழுத்தில் சிலுவை தொங்கும்.

"அப்ப நீங்க சொல்லுங்க காக்கா. புள்ளை கொஞ்சம் களைப்பாறட்டும்."

பஸ் சிரித்தது. அந்த மனிசனும் சிரித்துவிட்டார்.

இன்னொரு நாள், வெள்ளைச் சேட்டு போட்ட ஒருவர், கந்தோர் உத்தியோகம் போல, பத்திரிகையை மடித்துவிட்டுச் சொன்னார். "இது சரியான தொல்லையப்பா. புள்ளையை அடக்கத் தெரியாட்டி ஏன் பஸ்ஸில கூட்டிட்டு வாறீங்க?"

கருவாட்டுக்காரி விடுவாவா? "மாத்தயா, அமைதி வேணுமெண்டா கார் பிடிச்சுப் போங்க. இது பஸ். புள்ளைக்குக் காது கேக்காது, உங்களுக்குத்தான் நல்லாக் கேக்குதே, கேட்டுட்டு வாங்க."

"புள்ளைட சத்தத்தைச் சகிக்கலாம், உன்ட சாக்கு நாத்தத்தைத்தான் சகிக்கேலாது" என்றார் அவர்.

"அந்த நாத்தம்தானே பகலைக்கு உங்கட சோத்துக் கோப்பையில வரப்போகுது!"

அதன் பிறகு அவரும் பழகிவிட்டார். பிள்ளை ஏறினால் பத்திரிகையை மடித்து மடியில் வைத்துவிட்டுத் தொடங்கட்டும் என்று காத்திருப்பார். கண்டக்டர் சிங்களப் பெடியன். எங்களைக் கண்டால் டிரைவருக்குக் கேட்கக் கத்துவான். "மோதினார் நோனா ஏறியாச்சு, ஹோர்ன் அடிங்க!" டிரைவரும் வேணுமென்றே ஒரு நீட்டு நீட்டுவான்.

கருவாட்டுக்காரி என்னை, எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ராத்தா என்றுதான் கூப்பிடுவா. ஏறின உடனே "புள்ளையைத் தாங்க ராத்தா" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்ளுவா. அவ மடியில் ஏறினால் பாங்கு சொல்ல வேண்டும், சொன்னால் ஒரு டொபி கிடைக்கும். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சட்டம். பிள்ளையின் வாயைத் தன் கன்னத்தோடு ஒட்டி வைத்துக் கேட்பா. "என்ன குரல் ராத்தா இது, எங்கட கோயில் மணி தோத்துப் போகும்" என்பா.

அந்தப் பிள்ளையின் சத்தத்தால்தான் எனக்கு நாலு பேர் பழக்கமானார்கள். எங்களை எங்கே இறக்க வேண்டும் என்று பஸ்ஸுக்கே தெரியும். நான் "இறக்கம்" என்று சொல்லத் தேவையில்லாமல் போனது.

அப்படி இருக்கும்போதுதான், அந்தச் சித்திரை மாத ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, வேதக் கோயில்களில் குண்டு வெடித்தது. எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ செய்த பாவம். கோயிலுக்குப் பூவோடு போன பிள்ளைகளெல்லாம் செத்துப் போனார்கள். டீவியைப் பார்க்க முடியாமல் நான் எழும்பிக் குசினிக்குள் போய் நின்றேன். அதன் பிறகு ஊரடங்கு. அதன் பிறகு அங்கே கடை எரித்தார்கள், இங்கே பள்ளியை உடைத்தார்கள் என்ற கதைகள். வடக்கு யுத்தம் முடிந்த பிறகு எடுத்துவிட்ட பஸ் சோதனை திரும்பவும் பாலாவியில் வந்துவிட்டது என்றார்கள். எங்கள் ஆட்கள் வெளியே போவதை விட்டார்கள்.

கிளினிக் தவணை வந்தது. மச்சான், பிள்ளையின் வாப்பா, போக வேண்டாம் என்றார். ஆனால் அன்றைக்கு மெஷினுக்குக் காது அளவு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். விட்டால் திரும்ப எப்போது கூப்பிடுவார்களோ என்று எனக்குப் பயம். அவர் கடலுக்குப் போன பிறகு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். நான் சேலை உடுத்து முக்காடு போடுகிறவள். ஆளைக் காட்டிக் கொடுக்க அந்த முக்காடே போதும்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பெடியன் எங்களைப் பார்த்தான். டிரைவருக்குக் கத்தாமல் டிக்கெட் கட்டைப் புரட்டினான். உள்ளே இடமிருந்தது, ஆனால் நான் போன பக்கமெல்லாம் பைகளை எடுத்துச் சீட்டில் வைத்தார்கள். பத்திரிகைக்காரர் பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கருவாட்டுக்காரி யன்னல் ஓரத்தில் இருந்தா. கறுப்புச் சட்டை போட்டிருந்தா. யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அவ பக்கத்துச் சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது. இருக்கவா வேண்டாமா என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் ஒதுங்கினா. இருந்தேன்.

பாலாவியில் ஆமிக்காரர் ஏறினார்கள். என் பையைத் தட்டிக் கொட்டினார்கள். ஒரு போத்தல் தண்ணி, பிள்ளையின் கவுண், பிஸ்கட். பிறகு பஸ் வெளிக்கிட்டது. இப்போது எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். பின் சீட்டில் சிங்களத்தில் ஏதோ கதைத்தார்கள். எனக்குப் பாதி விளங்கியது. மற்றப் பாதி விளங்காததற்கு அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

கருவாட்டுக்காரிக்கு முழுக்க விளங்கியிருக்க வேண்டும். மெல்லக் குனிந்து என் காதுக்குள் சொன்னா.

"புள்ளையை என்னட்டத் தாங்க. என்ட புள்ளை மாதிரி ஈக்கட்டும். நீங்க சும்மா தனிய வாற ஆள் மாதிரி இரிங்க."

கொடுத்தேன். அவ நல்லதைத்தான் நினைத்தா. நானும் நல்லதென்றுதான் கொடுத்தேன். ஆனால் அந்த மடிக்கு ஒரு சட்டம் இருந்ததை நாங்கள் இரண்டு பேரும் மறந்துபோனோம். பிள்ளை மறக்கவில்லை. மடியில் ஏறினாள், நிமிர்ந்து இருந்தாள், கையைக் காதில் வைத்தாள்.

"அல்லாஹு அக்பா!"

அன்றைக்குத்தான் அவளுக்குச் சொல் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. அவ்வளவு தெளிவு. பஸ்ஸில் ஒரு பெண் "ஜேசுவே" என்று வீரிட்டா. பின்னாலே இரண்டு பேர் எழும்பி வாசல் பக்கம் பாய்ந்தார்கள். பஸ் பிரேக் பிடித்துக் குலுங்கி நின்றது. பிள்ளை இரண்டாவது தடவைக்கு வாயைத் திறக்க, கருவாட்டுக்காரி தன் உள்ளங்கையால் அந்த வாயை இறுக்கிப் பொத்தினா. மற்றக் கையால் தலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டா. எழும்பி நின்றவர்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னா.

"மகே தருவா! மகே தருவா!"

அது எனக்கு விளங்கும். என் பிள்ளை, என் பிள்ளை என்று அர்த்தம்.

ஆனால் பிள்ளைக்கு மூச்சு முட்டியது. கால் உதைத்தாள். கையை நீட்டி, என் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அதன் பிறகு யாருடைய பிள்ளை என்று சொல்லத் தேவையில்லை.

கண்டக்டர் பெடியன் பக்கத்தில் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அம்மா, முந்தல் சந்தியில இறங்குங்க. நான் உங்கட நல்லதுக்குச் சொல்றது." அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவன் நல்ல பெடியன்.

கருவாட்டுக்காரி கையை எடுத்தா. உள்ளங்கை முழுக்கப் பிள்ளையின் எச்சிலும் கண்ணீரும். அதைக் கறுப்புச் சட்டையில் துடைத்துக்கொண்டா. பிள்ளையை வாங்கினேன். வாயைச் சுற்றிச் சிவந்த விரல் அடையாளம். அவள் அழவில்லை. வாயைத் திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. நான் பயத்தால் என்று நினைத்தேன். முந்தலில் பாதி இழுத்து மூடியிருந்த ஒரு கடைக்கு முன்னால் நிற்கும்போதும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்குப் போனால் சரியாகும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் சரியாகும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. அஸருக்கு முற்றத்துக்கு ஓடிவந்தாள். காதில் கை வைத்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். மச்சான் தன் தொண்டை போகுமட்டும் கத்திக் காட்டினார். குவைத்திலிருந்து தங்கச்சி வீடியோப் போனில் அழுதாள். அதையும் அவள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

காலம் கழித்து மெஷின் கிடைத்தது. மிஸ்ஸி அவளுக்குப் பின்னால் நின்று ரபான் மேளம் தட்டினா, உடனே திரும்பினாள். மெதுவாகக் கூப்பிட்டா, அதற்கும் திரும்பினாள். எல்லாருக்கும் சந்தோஷம். "இனிப் பேச வைப்பம்" என்று ஒரு வருஷம் பாடுபட்டார்கள். காது வந்தது. குரல் வரவில்லை.

கருவாட்டுக்காரியை அதே பஸ்ஸில் ஒரே ஒரு தடவை திரும்பக் கண்டேன். டொபியை நீட்டினா. பிள்ளை வாங்கிக்கொண்டாள், மடிக்குப் போகவில்லை.

"கதைக்கிறாளா ராத்தா?"

"இன்னும் இல்ல."

"நான் அண்டைக்கு..." என்று தொடங்கி, உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தா.

"நீங்க பொத்தாட்டி என்ன நடந்திருக்குமோ, யாருக்குத் தெரியும்" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. இரண்டு பேரும் சிலாபம் வரைக்கும் யன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம்.

இப்போது அவள் பெரிய பிள்ளை, பள்ளிக்கூடம் போகிறாள். எழுதுவாள், கையால் பேசுவாள். போன மாதம் மெஷினைச் சரிபார்க்க அதே பஸ்ஸில் போனோம். இப்போது யாரும் பையைச் சீட்டில் வைப்பதில்லை. அந்தக் காலம் போய்விட்டது என்கிறார்கள். மதுரங்குளியில் ஒரு இளம் தாய் இடுப்பில் குழந்தையோடு ஏறினா. அந்தக் குழந்தைக்கு யன்னல் வேண்டுமாம். கூரை கிழிகிற மாதிரிக் கத்தியது. பாவம் அந்தத் தாய், வேர்த்துப் போனா.

"என்ன புள்ளை வளக்கிறாங்களோ" என்றா முன்னால் இருந்த ஒரு அம்மா. பிறகு திரும்பி எங்களைக் காட்டினா. "இந்தப் புள்ளையைப் பாருங்க, ஏறினதிலேருந்து ஒரு சத்தம் இல்ல. இப்படி ஈக்கணும்." என்னைப் பார்த்துப் பாராட்டுப் போலச் சிரித்தா.

விடுங்க, கத்தட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் பிள்ளை எழும்பினாள். அந்தக் குழந்தையின் விரிந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் உள்ளங்கையால் அதன் வாயை மெதுவாகப் பொத்தினாள். மற்றக் கையால் அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள். பஸ்ஸில் நாலு பக்கமும் அவசரமாகப் பார்த்துக்கொண்டாள், யாராவது எழும்பி வருகிறார்களா என்று.

"அக்கா மாதிரிப் பாத்துக்கொள்றா" என்று பஸ் சிரித்தது.

நான் அவள் கையைப் பிடித்து எடுத்தேன். "விடு மகள், கத்தட்டும். ஒண்டும் நடக்காது" என்றேன். என் வாழ்நாளில் பஸ்ஸில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அவளுக்குக் கேட்டது, மெஷின் நல்ல மெஷின். கையை எடுத்தாள். ஆனால் நான் சொன்னதை அவள் நம்பவில்லை.