முப்பத்தோரு கோபங்கள்

என் அக்கா புருஷனுக்குக் காதுதான் பிழைப்பு. இசை மென்பொருள் செய்யும் கம்பெனியில் இருக்கிறார். எந்த வாத்தியத்திலும் பிறக்காமல், கம்ப்யூட்டரே கலந்து உண்டாக்கும் விசித்திர ஒலிகளைக் கேட்டு வகை பிரிப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு ஒலி. தட்டியது போலவா, ஊதியது போலவா, தேய்த்தது போலவா, பளிச்சென்று இருக்கிறதா, மந்தமா, எப்படி அடங்குகிறது. பாட்டுப் போடுகிறவர்கள் தேடினால் கிடைக்க வேண்டுமே, அதற்காக.

வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நானும் அவர்களோடு இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது. "மாமா, அதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றால், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஆரம்பம் மரம், முடிவு உலோகம். அருமை!" என்பார். வாஷரை மாற்றத்தான் ஆளைக் காணோம்.

எந்த வகையிலும் அடங்காத ஒலிகளுக்குத் தற்காலிகமாக வீட்டுப் பெயர் வைப்பது அவர் வழக்கம். வெளியீட்டுக்கு முன் மாற்றிவிடுவார். இந்த முறை ஒன்றை மறந்துவிட்டார். மென்பொருள் வெளியான அன்று எங்களைப் பெருமையாக உட்காரவைத்துத் திறந்து காட்டினார். பட்டியலில் 'விசில்' என்பதற்கு அடுத்து, 'வீட்டுக்காரி கோபம்'. உள்ளே முப்பத்தோரு ஒலிகள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் ஒன்றுமே சொல்லவில்லை. பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"கத்தினாக்கூடப் பரவாயில்லம்மா. ஒண்ணுமே கேக்கலையே" என்று என்னிடம் புலம்பினார். எனக்கே பாவமாக இருந்தது.

நாலாம் நாள் அக்கா அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டி, முப்பத்தொன்றையும் கேட்டாள். மாமா பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"இருபத்தெட்டு சரிதான்" என்றாள் அக்கா. "இந்த மூணும் கோபம் இல்ல."

"பின்னே?"

"மூடியைப் படார்னு போட்டுட்டு, அது சுத்திச் சுத்தி அடங்குற வரைக்கும் நிப்பேனே, அந்த மாதிரி இருக்கு. உங்களுக்கு நெஞ்சு வலின்னு ஆபீஸ்லேர்ந்து போன் வந்த அன்னைக்கு அப்படித்தான் நின்னேன். இப்பவும் நீங்க படியேறி வந்து மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்படித்தான். அது பயம்."

மாமாவிடம் மொத்தம் நாற்பத்திரண்டு வகைகள் இருந்தன. இது இல்லை.

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

"காதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க. இதையும் நானே சொல்லணுமா?"