அத்தானின் விசிலும் மூணாம் நம்பர் குஞ்சும்

அக்கா வீட்டுக்காரரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகள் அவர் பொறுப்பு. ஒன்றில் சுண்டெலிகள். இன்னொன்றில் ஒலி புகாத பெட்டிக்கு ஒன்றாக, புல்ஃபிஞ்ச் என்ற பாட்டுக்குருவியின் குஞ்சுகள். அங்கே ஒலிப்பதிவு என் வேலை.

சுண்டெலியும் பாடும், நம் காதுக்கு எட்டாத உச்சத்தில். ஆனால் அதற்குப் பாட்டு பிறவியிலேயே வந்துவிடுகிறது. குருவி கேட்டுத்தான் கற்கும். இந்த வித்தியாசத்தை அளக்கத்தான் ஆராய்ச்சி மேடம் இரண்டு வருஷமாக மாடாய் உழைக்கிறார். அதனால் எலி அறையில் கச்சேரியே வைக்கலாம். குருவி அறையில் மூச்சு விடக்கூடாது.

அத்தானுக்கு எலி என்றால் இளக்காரம். "தின்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கும், நன்றி கெட்ட ஜென்மம்" என்பார். குருவி என்றால் உயிர். அவருக்குத் தெரிந்த விசில் மெட்டு ஒன்றே ஒன்று. நடுவில் ஓரிடத்தில் சுருதி சறுக்கும். இருபது வருஷமாக அந்த இடத்தில் அக்கா காதைப் பொத்திக்கொள்கிறாள்.

ஒருநாள் காலை என் ஒலிப்பதிவு ஸ்பீக்கரில் மூணாம் நம்பர் பெட்டிக் குஞ்சு பாடியது. அச்சு அசல் அத்தான், சறுக்கல் உட்பட. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மேடம் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"நான் வாயே திறக்கலம்மா" என்றார் அத்தான். குருவி மறுபடியும் பாடியது.

"வந்த புதுசுல அது இரையே எடுக்கலம்மா. செத்துடும்னு பயந்துட்டேன். மெதுவா விசில் அடிச்சேன், வாயத் திறந்துச்சு. அப்புறம் தினமும்..." கைகூப்பினார். "வேலைய விட்டு மட்டும் எடுத்துடாதீங்க."

மேடம் பெட்டியைத் திறந்து குருவியை ஒரு கூண்டுக்கு மாற்றினார். "இனிமே எலி ரூம் மட்டும் பாருங்க. அங்க எவ்வளவு வேணாலும் விசில் அடிங்க, அதுங்க ஒண்ணும் கத்துக்காது. இந்தக் குருவி இனி எனக்கு உதவாது. உங்க பிள்ளைய நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"என்ன சொல்லு, எலி காட்டிக்கொடுக்காதுடா" என்று வழியெல்லாம் புலம்பினார் அத்தான், கூண்டை நெஞ்சோடு அணைத்தபடி.

அதன்பிறகு அவர் விசில் அடிக்கவே இல்லை. எலி அறையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அக்கா, குருவி பாடிக்கொண்டிருக்கும்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அது ஒத்தையா பாடுறது இன்னும் கோரமா இருக்கு. நீங்களும் சேந்து அடிங்களேன்."

அத்தான் தயங்கித் தயங்கி உதட்டைக் குவித்தார். அந்த இடம் வந்ததும் அவரும் குருவியும் சேர்ந்து சறுக்கினார்கள். அக்காவின் கை காதுக்குப் போகவில்லை.