கண்டக்டர் குப்புராஜும் ஆறுமணிக்குருவியும்

கீழ்க்கட்டளை குப்புராஜுக்குத் தொண்டை வைக்கும்போது கடவுள் அளவு பார்க்காமல் வைத்துவிட்டார். பஸ் கண்டக்டர் உத்தியோகத்துக்கு அது வரம்தான். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று "பல்லாவரம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம்!" என்று அவர் ஒரு குரல் விட்டால், மின்சார ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிற ஜனம் படிக்கட்டிலேயே ஓட ஆரம்பிக்கும். ஆனால் பறவை பார்க்கிறவனுக்கு அப்படி ஒரு தொண்டை எதற்கு, நீங்களே சொல்லுங்கள்! மனுஷனுக்கு அந்தப் பைத்தியம்தான் பிடித்துத் தொலைத்தது.

பிடித்த கதை இதுதான். எண்பத்தைந்தாம் வருஷத்து மார்கழியில் பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரமாக பஸ் பஞ்சர். இறங்கி நின்ற பயணிகளில் ஒருவர் வேதசிரோமணி. பேங்க் ஆபீசர், கழுத்தில் பைனாகுலர். கண்டக்டர் பாவம், சும்மா நிற்கிறாரே என்று அதைக் கழற்றிக் கொடுத்தார். குப்புராஜ் கண்ணில் வைத்துப் பார்த்தால், தண்ணீருக்குள் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள்! ரோஸ் கலரில், குச்சிக் காலில், தலையைத் தொங்கப்போட்டு மேய்கின்றன. "அடேங்கப்பா!" என்று குப்புராஜ் போட்ட சத்தத்தில் அத்தனையும் எழும்பிப் போய்விட்டன. வேதசிரோமணி நல்ல மனிதர். "பரவாயில்லை, நான் எண்ணி முடிச்சுட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து வார லீவு ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், குப்புராஜ் நன்மங்கலம் காப்புக்காட்டில் இருப்பார். முள்புதரும் பழைய கல்குவாரியுமாகக் கிடக்கிற சின்னக் காடுதான். வேதசிரோமணியோடு ஏழெட்டுப் பேர் விடியற்காலையில் அங்கே கூடுவார்கள். குளிர்காலம் முழுக்கப் பார்த்த பறவைகளை எழுதி, பொங்கல் சமயத்தில் சைக்ளோஸ்டைல் எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். என்ன பறவை, எந்த இடம், யார் பார்த்தது, எல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு சட்டம். எந்தப் பறவையானாலும் இரண்டு பேராவது பார்த்திருக்கணும், இல்லை கேட்டிருக்கணும்.

அந்தச் சட்டத்தில்தான் குப்புராஜ் மாட்டிக்கொண்டார். கண் என்னவோ கழுகுக் கண். எல்லோருக்கும் முன்னால் அவர்தான் பார்ப்பார். பார்த்ததும், "அதோ சார்! அந்தக் கிளையில சார்!" என்று தாம்பரம் ஸ்டேஷன் குரலை எடுத்துவிடுவார். மற்றவர்கள் திரும்புவதற்குள் கிளைதான் ஆடிக்கொண்டிருக்கும். சாட்சிக்கு ஆள் கிடையாது. மூன்று குளிர்காலம் இப்படியே போயிற்று, தாளில் அவர் பெயர் ஒரு வரியில்கூட வரவில்லை.

"ஏங்க, மூணு வருஷமா போய்க்கினு வந்துக்கினு கீறீங்க. ஒரு காக்காயாவது உங்க பேர்ல எழுத மாட்டாங்களாமா?" என்று மனைவி சரளா சிரிப்பாள். அவரும் கூடவே சிரிப்பார். உள்ளுக்குள் மட்டும் சுருக்கென்று இருக்கும். ஒரே ஒரு வரி, தன் பேரில் ஒரே ஒரு பறவை. அதற்குமேல் அவருக்கு ஆசை இல்லை.

எண்பத்தெட்டில் அவருக்கு முதல் டிரிப் டியூட்டி விழுந்தது. காலை ஆறு மணிக்கு நன்மங்கலத்திலிருந்து தாம்பரம். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரிலேயே காட்டுப் புதர். ஒரு நாள் விடியலில், புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு ஒன்று தத்திப் போனது. பச்சை முதுகு, வாலுக்கடியில் ரத்தச் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, வால் என்று சொல்ல ஒரு துண்டு. குப்புராஜ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஆறுமணிக்குருவி! வடக்கேயிருந்து குளிருக்கு வருகிற பறவை. காலை ஆறு, மாலை ஆறு என்று கடிகாரம் மாதிரி கூப்பிடுமாம், அதனால் அந்தப் பேர். வேதசிரோமணிகூட அந்தக் காட்டில் அதைப் பார்த்தது கிடையாது.

"சவுரி அண்ணா! ஓடியா!" என்று அவர் கத்த, டிரைவர் சவுரிமுத்து எட்டிப் பார்க்க, புதரில் ஒன்றுமில்லை.

"இன்னாய்யா கீது அங்க?"

"குருவிண்ணா!"

"போய்யா! தூங்கற மனுசனை எழுப்பி பேஜார் பண்ணிக்கினு" என்று சவுரிமுத்து திரும்பப் போய் ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேதசிரோமணி முழுக்கதையும் கேட்டார். "நம்பாம இல்லை, குப்புராஜ். ஆனா இன்னொருத்தர் வேணுமே" என்றார். குழுவே அந்தப் புதரைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தது. குருவி வரவில்லை. எப்படி வரும்? குப்புராஜ் மூச்சு விடுவதே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

இப்போது பஸ் சங்கதி ஒன்று சொல்லணும். கண்டக்டர் ஒற்றை விசில் அடித்தால் வண்டி நிற்கணும், ரெட்டை விசில் அடித்தால் போகணும். சவுரிமுத்து திரும்பிப் பார்க்கிற ஜாதியே இல்லை. காதில் ரெட்டை விசில் விழுந்தால் கால் தானாக ஆக்சிலேட்டருக்குப் போய்விடும்.

அடுத்த வாரம் ஒரு நாள். பஸ்ஸில் கீரைக்கூடைகள் ஏறியாயிற்று. எஞ்சின் ஓடவில்லை. சவுரிமுத்து அரைத்தூக்கத்தில் சீட்டில் இருக்கிறார். கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறதே என்று குப்புராஜ், தோளில் காசுப் பையோடு, புதருக்குப் பின்னால் குந்தியிருக்கிறார். குருவி வந்தது! ஒரு கல்லின் மேல் ஏறி, தலையைப் பின்னால் சாய்த்து, "வீ...ட்யூ!" என்று கூப்பிட்டது. இரண்டு சுரம், கணீரென்று, அச்சு அசல் ரெட்டை விசில்.

டுர்ரென்று பஸ் கிளம்பிவிட்டது.

ஐயோ! குப்புராஜின் கையில் டிக்கெட் கட்டு, தோளில் பை, கண்ணெதிரே கல்லின் மேல் குருவி, அந்தப் பக்கம் கண்டக்டர் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிற பஸ். "ஓல்டான்!" என்று ஒரு குரல் விட்டால் போதும், பஸ் நின்றுவிடும். குருவியும் போய்விடும். வாய் திறந்தது. வேலை, மெமோ, பென்ஷன், சரளா எல்லாம் மனசில் ஓடியது. குப்புராஜ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குருவி இன்னொரு தரம் கூப்பிட்டது, இறங்கிற்று, சருகைப் புரட்டி ஒரு புழுவைத் தின்றது, சாவகாசமாகத் தத்திப் போனது. சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஓடினார் பாருங்கள், ஒரு பால்காரரின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு!

கீழ்க்கட்டளையில் பஸ் நடுரோட்டில் நின்றிருந்தது. "டிக்கெட்டு குடுக்க ஆளே இல்லாம வண்டியை எங்கய்யா ஓட்டிக்கினு போற?" என்று கீரைக்கார முத்தாலம்மாள் சவுரிமுத்துவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கதி தாம்பரம் டிப்போவுக்குப் போயிற்று. டைம் கீப்பர் தனக்கோடி இரண்டு பேரையும் நிற்கவைத்தார்.

"ரெட்டை விசில் கேட்டுச்சு சார், எடுத்தேன்" என்றார் சவுரிமுத்து.

"நான் அடிக்கல சார்" என்றார் குப்புராஜ்.

"அப்ப யார்யா அடிச்சது?"

"குருவி சார்."

தனக்கோடி பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கும் யூனிபாரம் குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "போங்கய்யா! இதை நான் மேல எழுதினா என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவானுங்க."

தப்பித்தோம் என்று வெளியே வந்தால், சவுரிமுத்துவுக்குக் கோபம் அடங்கவில்லை. "இத்தினி வருச சர்வீஸ்ல ஒரு தபா தப்பா எடுத்தது இல்ல மச்சான். நிஜமாவே குருவியா?"

"சத்தியமா அண்ணா. நீ காதால கேட்டியே. ஞாயித்துக்கிழமை வந்து அதைச் சொல்லு, போதும்."

ஞாயிறு விடிந்தது. சர்ச்சுப் பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு சவுரிமுத்து காட்டு முனையில் வந்து நின்றார். என்ன கேட்டீர்கள் என்றார் வேதசிரோமணி. சவுரிமுத்து உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினார். "கண்டக்டர் விசில்னா உள்ள பட்டாணி உருளும் சார். இது உருளல. அப்பறமாத்தான் ரோசனை வந்துச்சு."

வேதசிரோமணி மோவாயைத் தடவினார். "சத்தம் சரியாத்தான் இருக்கு. ஆனா விசில் மாதிரி கூப்பிடற பறவை வேறயும் இருக்கே..."

குப்புராஜுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பார்த்துக்கொண்டிருந்த சவுரிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"சார், எனக்குக் குருவியும் தெரியாது கிளியும் தெரியாது. இந்த ஆளைத் தெரியும். சில்லறை கேட்டாலே பல்லாவரம் வரைக்கும் கேக்குறாப்பல கத்துவாரு. அன்னிக்கு இவரை வுட்டுட்டு வண்டி போவுது, வேலையே போவுது. ஒரு சத்தம் குடுக்கல சார்! வாயைப் பொத்திக்கினு குந்திக்கினு கீறாரு, ஜன்னல்ல பார்த்தேன்னு கீரைக்கார முத்தாலம்மாவே சொல்லுது. இவரையே வாயை மூட வெச்சதுன்னா அது இன்னா சாதாரணக் குருவியா?"

 குபீரென்று சிரிப்பு கிளம்பிற்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவர்களும் உண்டு. வேதசிரோமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனா மூடியைத் திறந்தார். "இதுக்கு மேல சாட்சி வேணாம்" என்றார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தாள் வந்தது. குப்புராஜ் அதைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சரளாவிடம் நீட்டினார். அவள் வாசலில் கோலமாவுக் கையோடு நின்று, எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படித்தாள்.

"ஆறுமணிக்குருவி, ஒன்று, நன்மங்கலம் காப்புக்காடு. பார்த்தவர் குப்புராஜ், கீழ்க்கட்டளை. குரலைக் கேட்டு பஸ்ஸை எடுத்தவர் சவுரிமுத்து."

"இன்னொரு தபா படி" என்றார் குப்புராஜ். பக்கத்தில் நின்ற சரளாவுக்கே அது காதில் விழவில்லை. "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.