மைத்துனன் தைத்த வார்

எங்கள் மூத்த பிள்ளை ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, வெயில் ஏறும் நேரத்தில், ஆம்பூரில் பிறந்தான். நாள், கிழமை எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் வழக்கம். இதைக் குறிக்காமலே நினைவிருக்கிறது. அவன் கண்களின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்திருந்தது.

"தொரை ஊட்டுப் புள்ளயாட்டம் கீதும்மா கண்ணு!" என்று எதிர்வீட்டுக்காரி என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆவணியில் அவன் வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவு புடைப்பு கண்டது. அழுதால் பெருக்கும், தூங்கினால் உள்ளே போய்விடும். குடலிறக்கம், புடைப்பை அழுத்தித் தோல் வார் கட்டினால் சரியாகிவிடும் என்றார்கள். என் மனைவியின் தம்பி தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தான்.

"கடை வாரு முரடு மாமா. மாப்ளைக்கு நானே தெச்சுத் தரேன்" என்றான் என்னிடம்.

குட்டியாட்டுத் தோலை எண்ணெய் தடவிப் பிசைந்து, ஓரங்களை மடித்துத் தைத்தான். தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் இடுப்பையும் தொடையையும் சேர்த்துக் கட்டினான். "இன்னா மாப்ள, பெல்ட்டெல்லாம் போட்டுக்கினு எங்க, டூட்டிக்கா?" என்று கொஞ்சினான்.

நனைந்து காய்ந்த தோல் இறுகும். தோல்காரனுக்கு அது தெரியாதா? பிள்ளை மூத்திரம் போகும், வார் நனையும், காயும் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து வாரை அவிழ்த்தபோது தொடையில் சிவந்த தடம் இருந்தது. பிள்ளை காலை அசைக்காமல் கிடந்தான், தொட்டால் வீறிட்டான். தலையணையில் கிடத்தி, ரயிலேறி வேலூருக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலுக்கு முன் கண்ணைத்தான் பார்த்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். விலா எலும்புகளில் பழைய முறிவுகள் கூடியிருந்தன. சில வயிற்றிலிருக்கும்போதே முறிந்தவையாக இருக்கலாம் என்றார். எலும்பே உறுதியில்லாமல் பிறந்த பிள்ளை. குடலிறக்கமும் அதே பலவீனத்தால்தானா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம்.

மைத்துனன் ஒன்றே ஒன்று கேட்டான்: "தொடை?"

"அது புதுசு. எதனால முறிஞ்சதுன்னு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதுப்பா."

அன்று முதல் மைத்துனன் சரியாகச் சாப்பிடவில்லை. புரட்டாசியில் பிள்ளைக்கு மார்ச்சளி கண்டது; அதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். டாக்டரம்மா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உடலைத் திறந்து பார்க்கவும், சில எலும்புகளை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளவும் எங்கள் சம்மதம் கேட்டார். வார் கட்டுவதற்கு முன்பே தொடை முறிந்திருந்ததா என்று ஒருவேளை அதில் தெரியலாம் என்றும் சொன்னார்.

என் மனைவி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "குடுத்துடலாங்க" என்றாள் என்னிடம்.

நான் வாய் திறப்பதற்குள் அவன் பிள்ளையை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டான். "வேணாங்க்கா. பழி என் மேலயே இருந்துட்டுப் போவட்டும். இவனைக் கத்தி தொட வேணாம்."

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. பாலாற்றங்கரையில் புதைத்தோம். தை மாதம் மைத்துனன் தோல் வேலையை விட்டு, அரக்கோணத்தில் ரயில்வே கூலியாகச் சேர்ந்தான்.

பல வருஷங்களுக்குப் பிறகு, சென்னையில் ஒரு வாசகசாலையில் ஆங்கில வைத்தியப் புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. நீலம் பாய்ந்த கண், தூக்கினாலே முறியும் எலும்பு, சிலருக்குக் குடலிறக்கம். எங்கள் பிள்ளையைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. அன்று சாயங்கால ரயிலிலேயே அரக்கோணம் போனேன்.

"வாரே கட்டாம இருந்தாலும் அவனுக்கு எலும்பு முறிஞ்சிருக்கும்டா. புத்தகத்துலயே போட்டிருக்கு."

தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டான். "அப்போ அந்தத் தொடை? வாரு கட்டறதுக்கு முன்னயா, பின்னயா? நீங்கதான் எல்லாத்துக்கும் தேதி வெச்சிருப்பீங்களே மாமா."

பிள்ளை பிறந்த நாள், வார் கட்டிய நாள், வேலூருக்கு ரயிலேறிய நாள், புதைத்த நாள், எல்லாம் என்னிடம் இருந்தன.

"தெரியலடா" என்றேன்.

"காப்பி ஆறுது மாமா, குடிங்க" என்றான்.