காப்புக் கம்பியில் கட்டிய நாடா

நூற்று எழுபது டிகிரி. சலவை ஆலையின் இஸ்திரி உருளை அந்தச் சூட்டில்தான் சுற்றும். ஹோட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்பு ஒரு பக்கம் ஈரமாக நுழைந்து மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அந்த உருளையோடு பத்தொன்பது வருடங்களாகக் குப்பை கொட்டுகிறவளை ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்குள்ள இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினால் கடைசி மூலைவரை திரும்பிப் பார்க்கும். அதனால் விசில். இளையவர்களுக்கு விசிலக்கா. தொழிற்சங்கத்துக்கு அந்தத் தளத்தின் பிரதிநிதி.

உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. காப்புக் கம்பி. கை தவறி உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், உருளை நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விரிப்பு கொஞ்சம் சுருண்டு வந்தாலும் கம்பியில் இடிக்கும். உருளை நின்ற இடத்தில் துணி காந்தி மஞ்சள் பட்டை விழும். அந்தத் துணிக்குக் கூலி கிடையாது. எத்தனை துணி ஓட்டினாலும் டார்கெட்டுக்கு ஒன்று குறைவாகவே இருக்கும். ஆகவே பெண்கள் பழைய தலையணை உறையில் ஒரு நாடா கிழித்து, கம்பி அசையாதபடி இறுக்கிக் கட்டிவிடுவார்கள். நான்கு இயந்திரங்களிலும் அதே கதை. சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் நாடாக்கள் இடுப்பில் ஒளிந்துகொள்ளும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வந்தால் கூரையை ஆராய்ந்தபடியே நடந்து போவார்.

அப்படிக் கட்டிய கம்பியைத் தாண்டித்தான் விசிலுடைய தம்பி மனைவியின் வலது கை உள்ளே போனது. சுருண்ட ஓரத்தை நீவிவிடப் போனவள். எதிர்ப்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த விசில் ஊதிய ஊதலில், வாய் ஓயாதவள் என்பதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய கூட்டாளி பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். அதற்குள் இரண்டு விரல்கள் வெந்து நசுங்கிவிட்டன.

அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே விசில்தான். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறும்போது அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

“கம்பியைக் கட்டினது யாருன்னு கேட்டாங்க அண்ணி. நான்தான்னு சொல்லிட்டேன்.”

“மயக்கத்துல உளறிட்டியா?”

“இல்லையே, நல்லா முழிச்சுக்கிட்டுதான் சொன்னேன்.”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “பாருக்கா இவளை! காப்புச் சாதனத்தைக் கெடுத்துட்டான்னு வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களாம். வைத்தியச் செலவும் தர மாட்டாங்களாம். உன் சங்கம் என்னத்தைக் கிழிக்கப் போகுது? கம்பி ஏற்கெனவே கெட்டுக் கிடந்துதுன்னு நாலு பேர் சொன்னா முடிஞ்சுது.”

“கம்பியைப் போய்ப் பார்த்தா நல்லாத்தானேடா இருக்கு? அப்புறம் அந்த நாலு பேருக்கும் சேர்த்துச் சீட்டு கிழியும்.”

“அப்ப இவ கை போனது போனதுதானா?”

விசில் தம்பி மனைவியின் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்களைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டி, எல்லாரும் நாடாவை அவிழ்த்துவிடலாம் என்றாள்.

ரேடியோ பொங்கிவிட்டாள். “அவுத்தா கூலி பாதியாப் போயிடும்க்கா. எங்க வீட்டுக் குக்கர்ல விசில் மட்டும் வந்தா போதுமா? உள்ள ஏதாவது இருக்கணும்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். விசிலும் சிரித்தாள். “வேலையை நிறுத்துன்னா சொல்றேன்? கம்பெனி செவத்துல ‘கம்பியைத் தொடாதே’ன்னு எழுதி வச்சிருக்கான். அதுபடி நடங்கன்னு சொல்றேன். கட்டாம இந்த டார்கெட்டை எட்ட முடியாதுன்னு அவனே பார்க்கட்டும். அவ ஒருத்தி மட்டும் குத்தவாளியா நிக்கிறா. நாம எல்லாரும் கட்டினோமா இல்லையா?”

ரேடியோ தரையைப் பார்த்தாள். பொத்தானை அடித்த கை அவளுடையது.

மறுநாள் நான்கு இயந்திரங்களும் வெறுங்கம்பியோடு ஓடின. ஓடின என்பதைவிட நின்று நின்று நகர்ந்தன. மத்தியானத்துக்குள் ஈர விரிப்புகள் ஆளுயரத்துக்குக் குவிந்தன. வாசலில் ஹோட்டல் வேன்கள் ஹாரன் அடித்தன. மேற்பார்வையாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“என்னம்மா இது? வழக்கமா செய்வீங்களே, அதைச் செய்யுங்க.”

“வழக்கமா என்ன சார் செய்வோம்?”

“அதாம்மா... அந்தக் கம்பியில...”

“காதுல விழல சார். மெஷின் சத்தம்.”

“நாடாவைக் கட்டித் தொலைங்களேன்!”

அவர் அடிவயிற்றிலிருந்து கத்திய நேரம் பார்த்து நான்கு உருளைகளும் நின்றிருந்தன. தளம் முழுக்கக் கேட்டது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மேனேஜருக்கும், அவரோடு வந்த ஹோட்டல்காரருக்கும் கேட்டது.

அந்த வாரமே வேலைநீக்க நோட்டீசைத் திரும்பப் பெற்றார்கள். வேலையிடத்து விபத்து என்று எழுதி, வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் டார்கெட் ஒரு துணி குறையவில்லை. தம்பி மனைவிக்கு இரண்டு விரல்கள் இனி மடங்காது. விரிப்பின் முனையை அவளால் பிடிக்க முடியாது. வேறு வேலை காலியில்லை என்கிறார் மேனேஜர். “நோட்டீஸ் போச்சு, வேலை எங்கக்கா?” என்று தம்பி கேட்டுவிட்டு, அதன்பின் போனை எடுப்பதில்லை.

சம்பளம் வாங்கிய மறுநாள் ரேடியோவின் கம்பியில் மறுபடி நாடா இருந்தது. விசில் கத்தரியோடு போய் நின்றாள்.

“வெட்டு. பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் நீ கட்டுறியா?”

“உன் கையும் உள்ள போனா யாருடி பொத்தானை அடிப்பா?”

ரேடியோ அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நல்லாப் பேசுற. இந்தப் பேச்சை மேல போய்ப் பேசி டார்கெட்டைக் குறைச்சுட்டு வா. அன்னிக்கு நானே அவுக்கிறேன்.”

“நான் மட்டும் போனா எதையோ வித்துட்டு வந்துட்டேன்னு நாளைக்கு நீதான் ஊரெல்லாம் ஒலிபரப்புவ. நீயும் வா.”

 விசில் நாடாவை வெட்டினாள். ரேடியோ தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

பேச்சுவார்த்தை அடுத்த வியாழக்கிழமை. டார்கெட், தம்பி மனைவிக்கு மாற்று வேலை ஆகிய இரண்டையும் பேச, சங்கத்தின் சார்பில் விசிலும் ரேடியோவும் போகிறார்கள்.